குத்துமதிப்பாகச் செத்தவர்கள்

கொல்லிமலை அடிவாரத்திலிருந்து – 23

முள்ளுக்குறிச்சியில் மலைச்சரக்கு வாங்கும் கடை ஒன்றில் சாயங்காலம் உட்காருவது எனக்கு வழக்கம். மிளகு, காப்பிக்கொட்டை, பருவத்தில் பலாப்பழம் என்று மேலேயிருந்து இறங்குவதெல்லாம் அங்கே தராசு ஏறும். கடைக்காரர் எடையைச் சொல்லச் சொல்ல, ஒரு பெரியவர் நீள நோட்டில் எழுதுவார். அரைக் கிலோ தவறினாலும் மலைக்காரர்கள் விடமாட்டார்கள், அவரும் தவறவிட்டதில்லை. இந்தத் தொடரை அவர் வாரம் தவறாமல் படிக்கிறார். சங்ககிரிப் பகுதி வந்த மறுநாள் என்னைப் பார்த்ததும் நோட்டை மூடினார்.

"வாத்தியாருங்க, அடுத்தது எந்த ஊருங்க?"

"வேலூருங்க. 1806."

"எத்தனை பேருங்க செத்தாங்க?"

"வெள்ளைக்கார ஆபீசருங்க 14 பேரு, சோல்ஜருங்க 115 பேருங்க."

நோட்டில் எழுதிக்கொள்வதுபோலத் தலையை ஆட்டினார். "நம்ம ஆளுங்க?"

"350ங்கறாங்க. 800ங்கறவங்களும் இருக்கறாங்க."

"அதென்னங்க, அவங்களுக்குத் தராசு, நம்மளுக்குக் குத்துமதிப்பா?"

பல நாளாக இந்தப் பகுதியை எங்கே தொடங்குவது என்று தெரியாமல் இருந்தேன். அன்று இரவு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

*

1805இல் சங்ககிரியில் தீரன் சின்னமலையைத் தூக்கிலிட்டதோடு சென்ற வாரம் நிறுத்தியிருந்தோம். அதற்கு முன் 1799இல் கயத்தாற்றில் கட்டபொம்மன், 1801இல் திருப்பத்தூரில் மருது சகோதரர்கள். தென்னாட்டில் ஆயுதம் தூக்கக்கூடியவர்கள் எல்லாரும் முடிந்தார்கள் என்று சென்னைக் கோட்டையில் இருந்தவர்கள் நினைத்தார்கள். இன்னும் கொஞ்சம் பேர் மிச்சம் இருந்தார்கள். அவர்கள் கோட்டையின் சொந்தச் சம்பளப் பட்டியலிலேயே இருந்ததால் கண்ணில் படவில்லை.

நம் சேலம் சீமை 1792 வரை திப்பு சுல்தானுடையது. அந்த ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில்தான் சேலமும் பாராமகாலும் கிழக்கிந்தியக் கும்பினி கைக்குப் போயின. 1799 மே 4ஆம் தேதி திப்பு போர்க்களத்தில் விழுந்தபின், அவருடைய பிள்ளைகளையும் பெண்டுகளையும் கும்பினியார் வேலூர்க் கோட்டைக்குக் கொண்டுவந்து வைத்தார்கள். அவர்களுக்குப் படி உண்டு, பணியாட்கள் உண்டு. கோட்டையை விட்டு அவர்கள் போக்கில் வெளியேற மட்டும் உரிமை கிடையாது. மைசூரிலிருந்து அவர்கள் பின்னாலேயே வந்த ஆயிரக்கணக்கானவர்கள் வேலூர்ப் பேட்டையில் குடியேறினார்கள்.

இப்போது அந்தக் கோட்டைக்குப் போகிறவர்கள் அகழியையும் ஜலகண்டேஸ்வரர் கோயிலையும் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். அன்றைக்குக் கோயிலில் பூசை கிடையாது. லிங்கம் மறுபடி உள்ளே வந்தது 1981இல்தான். விஜயநகரக் காலத்துக் கருங்கல் மதிலுக்குள் இருந்தவை ஒரு ராஜ குடும்பமும் ஒரு பாசறையும். பாசறையில் இங்கிலாந்து அரசரின் 69ஆம் படைப்பிரிவைச் சேர்ந்த 4 கம்பெனிகள், ஏறக்குறைய 370 வெள்ளைக்காரர்கள். அவர்களோடு கும்பினியின் இந்தியச் சிப்பாய்கள் சுமார் 1500 பேர். இந்தச் சிப்பாய்களில் ஒரு பகுதியினர் 23ஆம் ரெஜிமென்டின் இரண்டாம் பட்டாளத்தார். அது திருநெல்வேலிப் பக்கம் திரட்டப்பட்ட பட்டாளம். பாளையங்கள் அழிந்தபின் பிழைப்புக்கு வேறு வழி இல்லாமல் துப்பாக்கி பிடித்தவர்கள் அதில் பலர்.

*

நடந்ததற்கெல்லாம் காரணம் தொப்பி என்று பள்ளிப் பாடத்தில் ஒரே வரியில் முடித்துவிடுவோம். நானும் முப்பது வருடம் அப்படித்தான் நடத்தினேன். அந்த ஒரு வரிக்குள் இருப்பதைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கவேண்டும்.

அப்போது சென்னை ராணுவத்தின் தலைமைத் தளபதி சர் ஜான் கிரடாக், கவர்னர் வில்லியம் பெண்டிங்க். சிப்பாய்களுக்கென்று புதுத் தலைப்பாகை ஒன்று தயாரானது. பார்வைக்கு அது ஐரோப்பியத் தொப்பியின் சாயல். அதில் செருகும் சின்னம் தோலால் ஆனது. எந்த மிருகத்தின் தோல் என்று இந்துவுக்கும் சந்தேகம், முஸ்லிமுக்கும் சந்தேகம். 1806இல் வந்த விதிமுறைகள் அதற்கும் மேலே போயின. சீருடையில் இருக்கும்போது நெற்றியில் திருநீறோ நாமமோ கூடாது, காதில் கடுக்கன் கூடாது, தாடியை மழிக்கவேண்டும், மீசை எல்லாருக்கும் ஒரே அளவில் இருக்கவேண்டும்.

நம் ஊர்ப்பக்கம் அந்தக் காலத்தில் வெள்ளைக்காரனுக்குப் பெயரே தொப்பிக்காரன்தான். தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு ஒரு சிப்பாய் விடுப்பில் ஊருக்குப் போனால் என்ன ஆகும்? பெண் கொடுப்பார்களா, பந்தியில் உட்காரவைப்பார்களா, செத்தால் தூக்க நாலு பேர் வருவார்களா என்பதெல்லாம் அவனுக்குச் சாப்பாட்டுக் கவலைக்கு அடுத்த கவலைகள். கிரடாக்கின் அலுவலகம் அணிவகுப்பு அழகாக இருக்கவேண்டும் என்பதைத் தாண்டி யோசிக்கவில்லை.

மே மாத முதல் வாரத்தில் வேலூரில் இருந்த 4ஆம் ரெஜிமென்டுச் சிப்பாய்கள் தலைப்பாகையைத் தொட மறுத்தார்கள். 21 பேருக்குச் சென்னையில் ராணுவ விசாரணை நடந்தது. அவர்களில் முஸ்லிம்களும் இருந்தார்கள், இந்துக்களும் இருந்தார்கள். இரண்டு பேருக்குத் தலைக்கு 900 கசையடி கிடைத்தது. மற்ற 19 பேருக்கு 500 என்று தீர்ப்பாகி, மன்னிப்புக் கேட்டதால் அது விட்டுப்போனது. 900 அடியை எப்படி எண்ணியிருப்பார்கள் என்று யோசித்ததுண்டு. அடிக்கிறவன் கை சளைத்தால் ஆள் மாறும், எண்ணுகிறவன் மாறமாட்டான். கணக்கில் கும்பினி எப்போதுமே கெட்டி.

ஜூன் 17ஆம் தேதி இன்னொரு சம்பவம். 1ஆம் ரெஜிமென்டைச் சேர்ந்த முஸ்தபா பேக் என்ற சிப்பாய், கர்னல் ஃபோர்ப்ஸ் என்ற அதிகாரியிடம் போய், ஐரோப்பியர்களைக் கொல்லச் சதி நடக்கிறது என்று சொல்லிவிட்டான். ஃபோர்ப்ஸ் இந்திய அதிகாரிகளைக் கூப்பிட்டு விசாரித்தார். யாரிடம் விசாரித்தாரோ அவர்களில் சிலரே சதியில் இருந்தவர்கள். இவன் பைத்தியம் என்று ஒரே குரலில் சொன்னார்கள். முஸ்தபா பேக்கைப் பிடித்துக் காவலில் வைத்தார்கள். எல்லாம் முடிந்தபின் அவனுக்கு 2000 வராகனும் சுபேதார் பென்ஷனும் கிடைத்தன.

*

ஜூலை 9, புதன்கிழமை. அரண்மனையில் திப்புவின் மகள் ஒருத்திக்குக் கல்யாணம். விளக்கும் மேளமும் ஆள்நடமாட்டமும் இருந்தால் யாரும் எதையும் சந்தேகிக்கமாட்டார்கள். மறுநாள் அதிகாலை அணிவகுப்பு இருந்ததால், வெளியே குடும்பத்தோடு இருந்த சிப்பாய்களும் அன்றிரவு கோட்டைக்குள்ளேயே படுத்தார்கள்.

10ஆம் தேதி விடியற்காலை மூன்று மணி வாக்கில் வெள்ளைக்காரக் காவலர்களைச் சுட்டு வீழ்த்தினார்கள். வெடிமருந்துக் கிடங்கு கைக்கு வந்தது. ஒரு கூட்டம் 69ஆம் படைப்பிரிவு படுத்திருந்த பாசறையைச் சூழ்ந்து நின்று கதவு ஜன்னல் வழியாகச் சுட்டது. பீரங்கியையும் இழுத்துவந்து வைத்தது. உள்ளே இருந்தவர்கள் தூக்கத்தில் இருந்தார்கள். பெரும்பாலோர் எழுந்திருக்கவே இல்லை. கட்டிலைக் கவிழ்த்து அதன் பின்னால் பதுங்கியவர்கள் பிழைத்தார்கள். இன்னொரு கூட்டம் ஆஸ்பத்திரிக்குள் புகுந்து நோயாளிகளைக் கொன்றது.

இந்த இடத்தை வேகமாகத் தாண்டிப்போகிற எழுத்துகள் நம்மிடம் நிறைய உண்டு. தாண்டக்கூடாது என்று நினைக்கிறேன். படுக்கையில் கிடந்தவனையும் காய்ச்சலில் கிடந்தவனையும் கொல்வதை எந்த ஊர்ப் போர்முறையும் ஒப்புக்கொள்ளாது. அந்த 115 பேரில் தொப்பிச் சட்டம் எழுதியவன் ஒருவனும் இல்லை. வயிற்றுக்காகக் கடல் தாண்டி வந்த பட்டாளத்தார் அவர்கள்.

கோட்டைத் தளபதி கர்னல் ஃபேன்கோர்ட் சத்தம் கேட்டு வெளியே வந்தார்; குண்டு பட்டு விழுந்தார், பிழைக்கவில்லை. அவர் மனைவி அமீலியா இரண்டு குழந்தைகளோடு ஒளிந்திருந்து உயிர் தப்பினார். இரண்டே வாரத்தில், கண்டதையும் கேட்டதையும் எழுதியும் வைத்தார். அன்றைய விடியற்காலையைப் பாசறைக்கு வெளியே இருந்த ஒருவரின் கண்வழியாக நமக்குக் காட்டுவது அந்த எழுத்துதான். சிப்பாய்களின் பக்கத்தில் அப்படி ஒரு எழுத்து இல்லை. அவர்கள் பேசியதாக நம்மிடம் இருப்பது விசாரணையில் கயிறு கழுத்துக்கு மேலே தொங்கும்போது சொன்ன வாக்குமூலங்கள் மட்டுமே.

கொடிமரத்தில் மைசூர்க் கொடி ஏறியது. ஷேக் ஆதம், ஷேக் ஹுசைன், ஷேக் காசிம் போன்ற இந்திய அதிகாரிகள்தான் முன்னால் நின்றவர்கள். திப்புவின் மகன்களில் ஒருவரை வெளியே வந்து தலைமை ஏற்கச் சொன்னார்கள். அரண்மனையின் ஆட்கள் கலந்துகொண்டார்களே தவிர, இளவரசர்கள் யாரும் குதிரை ஏறவில்லை. அதற்கடுத்து என்ன என்பதற்கு யாரிடமும் திட்டம் இல்லை. சம்பளக் கஜானாவும் அதிகாரிகளின் வீடுகளும் திறந்து கிடந்தன. பலர் கொள்ளையில் இறங்கினார்கள். கிடைத்ததை மூட்டை கட்டிக்கொண்டு சிலர் ஊரைப் பார்க்கக் கிளம்பினார்கள். கோட்டை வாசலைக் காப்பதற்கு ஆள் குறைந்துபோனது. மதில்மேல், வாசலுக்கு நேர் மேலே, 69ஆம் படைப்பிரிவில் மிஞ்சிய சுமார் 60 பேர் ஏறி நின்றார்கள். தோட்டா தீர்ந்தபின்னும் இறங்கவில்லை.

*

வெளியே இருந்த மேஜர் கோட்ஸ் ஆற்காட்டுக்கு ஆள் அனுப்பினார். வேலூருக்கும் ஆற்காட்டுக்கும் 16 மைல், அதாவது 25 கிலோமீட்டர். நம்மூரிலிருந்து ராசிபுரம் போகிற தூரத்துக்குக் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். ஆற்காட்டுக் குதிரைப்படையின் தளபதி ரோலோ கில்லெஸ்பி. செய்தி கிடைத்த கால் மணி நேரத்துக்குள் அவர் கிளம்பிவிட்டார். பின்னால் வருகிறவர்களுக்குக் காத்திராமல் இருபது பேரோடு முன்னால் பாய்ந்து வந்தார். மதில்மேல் நின்ற சார்ஜென்ட் பிராடி அவரைத் தூரத்திலேயே அடையாளம் கண்டான். மேலிருந்து இறக்கிய கயிற்றைப் பிடித்து கில்லெஸ்பி மதில் ஏறினார். பத்து மணி வாக்கில் குதிரைகள் இழுத்துவந்த பீரங்கிகள் வந்து சேர்ந்தன. பிளாகிஸ்டன் என்ற இளம் பொறியாளர் கதவைத் தகர்க்கும் வேலையைப் பார்த்தார். கதவு பிளந்தது. 19ஆம் டிராகூன் குதிரைப்படை வாளோடு உள்ளே நுழைந்தது.

அவர்களோடு சென்னைக் குதிரைப்படையின் 7ஆம் ரெஜிமென்டும் நுழைந்தது. அதில் இருந்தவர்கள் நம் நாட்டுக்காரர்கள்தான். அன்று உச்சிப்பொழுதில் வாள் வீசிய கைகளில் நம்மவர் கைகளும் இருந்தன. வெள்ளையன் ஒரு பக்கம், நாம் ஒரு பக்கம் என்று கோடு கிழித்துவிட்டு உட்கார வேலூர் இடம் கொடுப்பதில்லை.

உள்ளே நடந்ததைச் சண்டை என்று சொல்லலாமா என்பதே சந்தேகம். திறந்த வெளியில் அகப்பட்டவர்கள் வெட்டுப்பட்டார்கள். மதிலிலிருந்து குதித்தவர்களையும் சிறுவாசல் வழியாக ஓடியவர்களையும் வெளியே நின்ற குதிரைகள் துரத்தின. அரண்மனைக்குள் அடைக்கலம் புகுந்திருந்த சிப்பாய்களை வெளியே இழுத்து வந்தார்கள். அவர்கள் நூறு பேருக்கு மேல். கோட்டைக்குள் வெள்ளைக்காரர்கள் பொழுதுபோக்காகச் சுவரில் பந்தடித்து விளையாடும் இடம் ஒன்று இருந்தது. அந்தச் சுவரை ஒட்டி வரிசையாக நிறுத்தினார்கள். சிதறு குண்டு போட்ட பீரங்கிகளால் கடைசி ஆள் விழும்வரை சுட்டார்கள். கையில் ஆயுதம் இல்லாதவர்கள், விசாரணையும் கிடையாது. கதவைத் தகர்த்த அதே பிளாகிஸ்டன் 1829இல் வெளியிட்ட தன் நினைவுக்குறிப்பில் இதைப் பதிவு செய்திருக்கிறார். அவ்வளவு வருடம் கழித்தும் தனக்கு அதில் உறுத்தல் இல்லை என்ற தோரணையிலேயே எழுதியிருக்கிறார்.

விடியலில் வெள்ளைக்காரர்களைப் பாசறைக்குள் கொன்றபோது அதற்குக் கொலை என்று பெயர். சுவரோரம் நிறுத்திச் சுட்டதற்கு ஒழுங்கை மீட்டது என்று பெயர். இங்கிலாந்தில் ஹென்றி நியூபோல்ட் கில்லெஸ்பியின் பெயரிலேயே கவிதை எழுதினார். கில்லெஸ்பிக்குக் கும்பினி 7000 வராகன் பரிசு கொடுத்தது.

*

அடுத்து வந்தது காகிதத்தின் காலம். விசாரணைக் குழு உட்கார்ந்து, உடை விதிகளும் திப்பு குடும்பம் வேலூரில் இருந்ததும்தான் காரணங்கள் என்று எழுதியது. ராணுவ நீதிமன்றம் தண்டனை கொடுத்தது. செப்டம்பர் மாதம் வேலூரில் நிறைவேற்றப்பட்டவை இவை: பீரங்கி வாயில் கட்டிச் சிதறடிக்கப்பட்டவர்கள் 6 பேர், சுட்டுக்கொல்லப்பட்டவர்கள் 5 பேர், தூக்கில் போடப்பட்டவர்கள் 8 பேர். 5 பேர் கடல் கடந்து நாடு கடத்தப்பட்டார்கள். சட்டம் கொன்றவர்களை ஒன்று, இரண்டு என்று எண்ண முடிகிறது. அவர்களுக்கு ரெஜிமென்டு எண் உண்டு, பதவி உண்டு, தேதி உண்டு.

பீரங்கி வாயில் கட்டுவது ஒரு உயிரை எடுப்பதற்கான வழி மட்டும் அல்ல. எரிக்கவோ புதைக்கவோ உடம்பு மிஞ்சக்கூடாது என்பது அதில் இருக்கிற எண்ணம். தொப்பி போட்டால் சாதிசனம் சாவுக்கு வராது என்று பயந்தவர்களுக்கு, சாவுச்சடங்கே செய்யமுடியாதபடி ஒரு சாவு.

மேலே இருந்தவர்கள் தப்பவில்லை என்றும் சொல்லவேண்டும். 1807இல் பெண்டிங்கையும் கிரடாக்கையும் திருப்பி அழைத்துக்கொண்டார்கள். தலைப்பாகை உத்தரவு ரத்தானது. கடுக்கனும் நாமமும் பழையபடி வந்தன. திப்புவின் பிள்ளைகளைக் கப்பலில் கல்கத்தாவுக்கு அனுப்பினார்கள். கல்கத்தாவில் இன்றும் நிற்கும் திப்பு சுல்தான் மசூதி அவர்களில் ஒருவரான குலாம் முகமது 1842இல் கட்டியது. பெண்டிங்க் பிற்பாடு கவர்னர் ஜெனரலாகத் திரும்பி வந்து, 1835இல் இந்தியச் சிப்பாய்களுக்குக் கசையடியை ஒழித்தார். 900 அடி வாங்கிய அந்த இரண்டு பேரும் அவர் நினைவில் இருந்தார்களோ என்னவோ. கில்லெஸ்பி 1814இல் டேராடூன் பக்கம் கலுங்கா கோட்டையைத் தாக்கும்போது கூர்க்காக்களின் குண்டுக்கு இரையானார்.

*

இனிப் பெரியவரின் கேள்விக்கு வருகிறேன்.

உச்சிப்பொழுதில் கோட்டைக்குள் செத்தவர்களை ஏன் எண்ணவில்லை? கோட்டையைப் பிடித்தவர்களிடம் சிப்பாய்களின் பெயர்ப்பட்டியல் இருந்தது. சம்பளம் கொடுப்பதற்கு ஒவ்வொருவனின் பெயர், தகப்பன் பெயர், ஊர் எல்லாம் எழுதிவைத்திருந்த ராணுவம் அது. உயிரோடு பிடிபட்டவர்களை ஒருவர் விடாமல் எண்ணி, இத்தனை பேர் சிறைக்கு, இத்தனை பேர் விடுதலைக்கு என்று பிரித்திருக்கிறார்கள். அன்று செத்தவர்களை எண்ணி எழுதினால், யார் சண்டையில் செத்தான், யார் சுவரோரம் செத்தான் என்ற அடுத்த கேள்வி வந்துவிடும். குத்துமதிப்பு என்றால் அந்தக் கேள்வி வராது. 350 என்று ஒருவர் எழுதுகிறார், 800 சடலங்கள் கோட்டையிலிருந்து வெளியே போயின என்று இன்னொருவர் எழுதுகிறார். நடுவில் 450 மனிதர்கள் மேலேயும் போகாமல் கீழேயும் வராமல் நிற்கிறார்கள்.

நம் பக்கத்திலும் ஒன்று நடந்தது. வேலூரில் மக்கான் பக்கம் நினைவுத்தூண் வைத்தோம். 2006இல் இருநூறாம் ஆண்டுக்குத் தபால்தலை வெளியிட்டோம். 1857க்கு அரை நூற்றாண்டு முந்தியது நாங்கள்தான் என்று மேடையில் மார்தட்டினோம். அதெல்லாம் சரிதான். பட்டாளத்தின் பழைய பெயர்ப்பட்டியல்களைத் தேடி, 1806 ஜூலைக்குப் பிறகு யார் யாருக்குச் சம்பளம் போகவில்லை என்று எண்ணிப் பார்த்தால் அந்த 450ஐக் கொஞ்சமாவது குறைக்கலாம். அந்த வேலைக்கு மேடையும் மாலையும் கிடையாது.

கும்பினி இன்னொன்றையும் கணக்கிலிருந்து எடுத்தது. கலகம் செய்த பட்டாளங்களைக் கலைத்தது மட்டும் இல்லாமல், 1ஆம் எண்ணையும் 23ஆம் எண்ணையும் படைப் பட்டியலிலிருந்தே அடித்துவிட்டது. அவற்றில் விசுவாசமாக இருந்தவர்களைக் கொண்டு 24, 25 என்ற புது எண்களில் ரெஜிமென்டுகள் உருவாயின. பதினொரு வருடம் கழித்து, 1817 நவம்பரில், நாகபுரிக்குப் பக்கத்தில் சீதாபல்டி என்ற குன்றில் மராட்டியப் பெரும்படையைச் சின்னஞ்சிறு படை ஒன்று எதிர்த்து நின்றது. அதில் அந்த 24ஆம் ரெஜிமென்டின் பட்டாளமும் இருந்தது. வெற்றிக்குப் பிறகு என்ன வேண்டும் என்று கேட்டபோது, அந்தச் சிப்பாய்கள் கேட்டது பழைய எண்ணை. கேட்டபடி 1ஆம் எண் அவர்களுக்குத் திரும்பக் கிடைத்தது.

நேற்று சாயங்காலம் கடையில் இதைச் சொன்னேன். பெரியவர் தராசுத் தட்டில் கிடந்த மிளகைக் கையால் ஒதுக்கிக்கொண்டே கேட்டார்.

"நம்பரு திரும்பி வந்துருச்சுங்க. ஆளுங்க?"

மேலேயிருந்து ஜீப் ஒன்று மூட்டைகளோடு வந்து நின்றது. அவர் நோட்டைத் திறந்து அன்றைய தேதியைப் போட்டு, "ஒண்ணு" என்றார்.

(வேலூர்ச் செய்தி பரவியபின் 1806 நவம்பரில் பாளையங்கோட்டையில் மேஜர் வெல்ஷ் தன் சிப்பாய்களையே நிராயுதபாணிகளாக்கிய கதை அடுத்த வாரம்.)